மொறிஸ் மைனருக்குத் தொண்ணூற்றிரண்டு போதும்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் சேட்டைக் கழற்றுவதற்குள் உன் அழைப்பு வந்தது. உன் கலியாணம் முடிந்த கையோடு எங்கள் பழைய மொறிஸ் மைனர் காரை வவுனியாவுக்குக் கொண்டுபோகப்போவதாகச் சொன்னாய். ஒயில் எப்போது மாற்றியது, பின் ரயர்கள் அவ்வளவு தூரம் தாங்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, கொஞ்சம் தயங்கி, "என்ன பெற்றோல் அடிக்கிறது அப்பா, தொண்ணூற்றிரண்டோ, தொண்ணூற்றைஞ்சோ?" என்றாய். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறா, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை. அவர் அந்த நேரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நீ காரைப் பற்றி மட்டும் கேட்டாயா, அல்லது வேறு எதையோ கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஓடி ஒளிந்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றிரண்டு போதும். அந்தக் காருக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஒக்ரேன் எண் என்கிற அந்த எண் பெற்றோலின் சுத்தத்தைச் சொல்வதில்லை, பலத்தையும் சொல்வதில்லை. எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்து நெருக்கப்படும்போது, பிளக்கில் பொறி விழும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவுக்குப் பொறுத்திருக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. கூடுதலாக நெருக்குகிற எஞ்சின்களுக்குக் கூடிய எண் வேண்டும். எங்கள் காரின் எஞ்சின் பழையது, அவ்வளவு நெருக்காது. அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது, அது வால்வுகள் வந்து அமரும் இருக்கையைக் காத்தது என்பது உண்மை. ஆனால் இன்று இரண்டு பெற்றோலிலும் ஈயம் இல்லை. ஆகவே அந்தக் காரணத்துக்காகத் தொண்ணூற்றைந்தை அடிப்பதிலும் பயனில்லை. மெக்கானிக் ஞானம் அண்ணை வால்வு இருக்கைகளை ஈயமில்லாமலே தாங்குகிறவையாக ஏற்கெனவே மாற்றிவிட்டார். நீ பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஏற்றத்திலோ எதிர்க்காற்றிலோ அழுத்தி ஓடும்போது எஞ்சினுக்குள் யாரோ சிறு கற்களைக் குலுக்குவதுபோல 'டிக் டிக்' என்று கேட்டால் உடனே காலை எடுத்துவிடு. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கச் சொல்.

இதை நான் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு, இதே விஷயத்தில், ஊரறிய நான் வேறொன்றைச் சொன்னேன். அதை அப்படியே வைத்துக்கொண்டு உனக்கு மட்டும் சரியான விடையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். ஒக்ரேன் எண்ணின் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் அதை எழுதிப் புள்ளி எடுத்தார்கள். நான் மட்டும் அதை விளங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த எண்களும் பரீட்சைப் புள்ளிகளைப் போலத்தான் இருந்தன. தொண்ணூற்றைந்து எடுத்தவன் தொண்ணூற்றிரண்டு எடுத்தவனைவிடக் கெட்டிக்காரன், அவ்வளவுதான். காரை ஒரு போதகரின் மனைவியிடம் வாங்கிய நாளிலிருந்து, பெற்றோல் நிரப்புகிற செட்டில் கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி "தொண்ணூற்றைஞ்சு" என்று சொல்லுவேன். பழைய கார் வைத்திருப்பவன் வசதியில்லாதவன் அல்ல, இரசனையுள்ளவன் என்று ஊர் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. நீ சின்ன வயதில் பக்கத்துச் சீற்றில் இருந்து இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், பல்கலைக்கழகம் மூடிக்கிடந்ததால் நீ வீட்டில் இருந்தாய். உனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஓடாத காரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பின்னேரம் பொனற்றைத் திறந்து, பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் டிஸ்ரிபியூற்றரின் ஆணியை இளக்கி, அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் கார் நன்றாக இழுக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். இழுக்கத்தான் செய்தது. பெற்றோல் தாங்கியில் அப்போது கிடந்தது தொண்ணூற்றைந்து. அது பொறுத்துக்கொண்டது. நான் செய்த பிழையை அந்தப் பெற்றோல் மூடிவைத்தது என்பது எனக்குத் தெரியவில்லை. என் கை ராசியான கை என்று நினைத்தேன்.

பிறகு நீயும் நானும் மாறிமாறி இரண்டு நாள் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வருவதற்கு முன்பே யோகராணி ஒவ்வொரு காராக வந்து சொல்லிக்கொண்டு போனார். பெற்றோல் அடிக்கிற வேலையில் எங்கள் பக்கத்தில் சேர்ந்த முதல் பெண்களில் அவர் ஒருவர், உனக்கு நினைவிருக்கும். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கணவர் கட்டட வேலையில் மேலிருந்து விழுந்து நடக்க முடியாமல் கிடந்தார், இரண்டு பெண் பிள்ளைகள். ஏழாலையிலிருந்து சைக்கிளில் வந்து போவார். எங்கள் காரின் கண்ணாடியருகே குனிந்து, "மாஸ்டர், தொண்ணூற்றைஞ்சு முடிஞ்சுது. தொண்ணூற்றிரண்டுதான் இருக்கு. அடிக்கட்டோ?" என்று கேட்டார். "ஓம், அடி பிள்ளை" என்றேன். நீ என் பக்கத்தில் இருந்தாய். நீ கேட்டாய். நீ கேட்டது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்துப் பருத்தித்துறையில் உன் பெரியம்மா காலமானார். பின்னேரம் நாலு மணிக்கு அடக்கம். பஸ் இல்லை, ஓட்டோ இல்லை, எங்களிடம் பெற்றோல் இருந்தது. அம்மா பின் சீற்றில் வெள்ளைச் சேலையோடு இருந்தார். வல்லையின் வெட்டவெளியில் ஏறியதும் காற்று எதிரே வந்து காரைப் பிடித்துத் தள்ளியது. நேரம் போகிறது என்று நான் அழுத்தினேன். அந்த 'டிக் டிக்' சத்தம் அப்போதுதான் தொடங்கியது. மெதுவாக ஓடச் சொல்லி நீ இரண்டு தரம் சொன்னாய். எனக்குத் தெரியும் என்றேன். வெளியின் நடுவில் எஞ்சின் ஒருமுறை உதறியது. பின்னால் நீலப் புகை. அதோடு நின்றுவிட்டது.

மரம் இல்லாத அந்த வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கடைசியில் வெங்காயம் ஏற்றிவந்த ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரக்காரர் எங்களை நெல்லியடிவரை கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து ஆளுக்கொரு சைக்கிளின் பின்னால் இருந்து போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. மாலைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். அம்மா அந்த மண்ணில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. எழும்பித் திரும்பி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "காருக்கு என்ன நடந்தது?"

அப்போதே எனக்கு உள்ளுக்குள் தெரியும். டிஸ்ரிபியூற்றரைத் திருப்பிய கையை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து, நான்தான் உன் அக்காவிடம் உன்னைப் போகவிடாமல் செய்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "பெற்றோல் செட்டிலை அவள் பிழையான பெற்றோலை அடிச்சுப்போட்டாள்" என்றேன். 'அவள்' என்றேன். அதற்கு முன் நான் யோகராணியை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அங்கே நின்ற உன் மாமா அதைப் பிடித்துக்கொண்டார். இதைச் சும்மா விடக்கூடாது, செட் முதலாளியிடம் போய்க் கேட்கவேண்டும் என்றார். மறுநாள் அவரும் நானும் நீயுமாகப் போனோம். முதலாளி குகதாசன் என்னிடம் படித்தவன். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினான். கேட்காமல் தொண்ணூற்றிரண்டை அடித்ததால் என் எஞ்சின் போனது, ஒரு மரண வீடும் தவறிப்போனது என்று சொன்னேன். யோகராணியைக் கூப்பிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. "நான் கேட்டனான் மாஸ்டர். நீங்கள் ஓம் எண்டனீங்கள். தம்பியும் பக்கத்திலை இருந்தவர்" என்று சொல்லி உன்னைப் பார்த்தார். குகதாசனும் உன்னைப் பார்த்தான். நீ என்னைப் பார்த்தாய்.

மகனே, நான் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல் என்று சொல்லவில்லை. இதை வைத்துக்கொண்டு பல நாள் என்னை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் நான் உன்னைப் பார்த்த பார்வை எது என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஐந்து வயதிலிருந்து அந்தப் பார்வைக்கு அடங்கி வளர்ந்தவன் நீ. நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் கவனிக்கேல்லை" என்றாய். யோகராணி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே வேலை போய்விட்டது. திரும்பி வரும்போது மாமா மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார்.

ஒரு கிழமை கழித்து ஞானம் அண்ணை எஞ்சினைக் கழற்றினார். ஒரு பிஸ்ரனில் சுண்டுவிரல் போகக்கூடிய ஓட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஆர் மாஸ்டர் இதிலை கை வைச்சது? இது தொண்ணூற்றிரண்டிலை ஓடுற கார். உப்பிடித் திருப்பி வைச்சா எந்தக் காரும் உடையும்" என்றார். இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் எனக்கு முன்போல் தேத்தண்ணி தந்ததில்லை. அன்றிலிருந்து காருக்குத் தொண்ணூற்றிரண்டுதான் அடிக்கிறேன், தெரிந்தவர்கள் இல்லாத தூரத்துச் செட் ஒன்றில். யாராவது கேட்டால் தொண்ணூற்றைந்து என்றுதான் சொல்லிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வேதபாடம் வாசித்ததும் இதே வாய்தான்.

நீ சில மாதத்தில் வேலை கிடைத்து வவுனியாவுக்குப் போய்விட்டாய். வரும்போதெல்லாம் அம்மாவோடு கதைப்பாய், என்னிடம் காலநிலையைக் கேட்பாய். பிள்ளைக்கு வேலைப்பளு என்று அம்மா சொல்லுவார். நானும் ஓம் என்பேன்.

உன் அழைப்பை வைத்த மறுநாள், திங்கட்கிழமை, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் முகத்தை அவர் பார்க்காமல் போனது என்னால்தான் என்று சொன்னபோது அழுவார் என்று நினைத்தேன். அவர் கையை மட்டும் நிறுத்தினார். "அக்காவின்ரை விஷயத்திலை நான் எப்பவோ ஆறிப்போனன். அந்தப் பிள்ளையை வேலையாலை நிப்பாட்டினது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார். பயற்றங்காயை ஒதுக்கி வைத்துவிட்டு, "வெளிக்கிடுங்கோ, அந்தப் பிள்ளையிட்டைப் போவம்" என்றார்.

யோகராணி இப்போது சுன்னாகம் சந்தையில் ஒரு வியாபாரியிடம் வெங்காயம் தரம்பிரிக்கிறார். சாக்கு விரித்து, வெங்காயத் தாளை வெட்டி, சிறிதும் பெரிதுமாகக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ மாஸ்டர்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் திரும்பி ஓடியிருப்பேன், அம்மா பக்கத்தில் நின்றதால் நின்றேன். அவர் வேறு மூன்று செட்டுகளில் வேலை கேட்டிருக்கிறார். ஆளைப் பார்த்துப் பெற்றோலை மாற்றி அடிக்கிறவர் என்ற கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூத்த மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தவள். அந்த வருடமே படிப்பை நிறுத்திவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். இதை யோகராணி குறையாகச் சொல்லவில்லை. அம்மா பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், அவர் பதில் சொன்னார். இரசாயனவியல் மாஸ்டராகிய நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நின்றபடிதான் சொன்னேன். அவர் வெங்காயத் தாளை வெட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "உங்களிலை கோவம் இருந்தது மாஸ்டர், இல்லையெண்டு சொல்லேல்லை. அதைவிடத் தம்பியிலைதான் கூட. நல்ல பிள்ளை, உண்மையைச் சொல்லும் எண்டு நம்பித்தான் அவரைப் பார்த்தனான்" என்றார். அது உன் பேச்சில்லை, நான் உன்னைக்கொண்டு பேசியது என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, "இதை முதலாளிக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எனக்குச் சொல்லி என்ன மாஸ்டர்? எனக்குத் தெரிஞ்சதுதானே."

இங்கே உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். 'கவனிக்கேல்லை' என்ற அந்தச் சொல்லை நீ இவ்வளவு காலமும் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று நினைக்கிறேன். அதை என்னிடம் தந்துவிடு. உன் வயதில் நின்று தகப்பனுக்கு எதிராகப் பேசவேண்டிய இடத்தில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். நீ யோகராணியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது நீ தீர்மானிக்கிற விஷயம். ஆனால் நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, உன்னைப் பார்த்துத்தான் பேசுமென்றால், அந்த நேரத்தில் உன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள். அது தன் கண்ணால் கண்டதைச் சொல்லட்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். வேறு புத்திமதி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில், வாகனங்கள் நிற்கிற நேரம் பார்த்துச் செட்டுக்குப் போனேன். குகதாசன் என்னை உள்ளே கூப்பிட்டான். வெளியிலேயே, பெற்றோல் அடிக்கிற ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். யோகராணி கேட்டுத்தான் அடித்தார், நான் ஓம் என்றேன், பிறகு பொய் சொன்னேன், என் எஞ்சின் என் கையால் உடைந்தது. ஒரு மோட்டார்சைக்கிள்காரர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார். என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். குகதாசன்தான் என்னைவிடக் கூடுதலாக வெட்கப்பட்டான். "விடுங்கோ சேர், பழைய கதை" என்று என் கையைப் பிடித்தான். எங்கள் இரண்டு பேருக்கும்தான் பழைய கதை, யோகராணிக்கு இல்லை என்றேன். அவருக்கு வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

யோகராணி அந்த வேலை வேண்டாம் என்றார். பருத்தித்துறை வீதியில் புதிதாக ஒரு செட் திறக்கிறார்களாம், அங்கே கேட்கப்போகிறாராம். அதற்குக் காட்ட, தன் பக்கத்தில் பிழை இல்லை என்று என் கையெழுத்தும் முதலாளியின் கையெழுத்தும் வைத்த ஒரு கடிதம் மட்டும் கேட்டார். பழைய மாணவர் சங்கத்து மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையே அவர்களுக்குக் கொடுக்கப்போகிறேன். அதை யோகராணியிடமும் கேட்டேன். தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னார். உன் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் வாசிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். ஆகவே உன்னிடம் கேட்காமல் கொடுக்கமாட்டேன்.

இன்று காலை யோகராணி கேட்ட கடிதத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல தாளில், என் பழைய கரும்பலகைக் கையெழுத்தில், குகதாசனின் கையெழுத்தோடும் செட் முத்திரையோடும். சந்தைக் கூரைக்குக் கீழே வெளிச்சம் இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்று இரண்டு தரம் வாசித்தார். பிறகு விரலை ஒரு சொல்லின் மேல் வைத்துத் தாளை என்னிடம் நீட்டினார். 'நான் தவறுதலாக அவர் மீது குற்றம் சுமத்தினேன்' என்று எழுதியிருந்தேன்.

"தவறுதலா இல்லை மாஸ்டர். தெரிஞ்சுதான் சொன்னீங்கள். அதை மாத்தி எழுதித் தாங்கோ."

தராசு மேசையில் தாளை வைத்து அந்தச் சொல்லை வெட்டி, மேலே 'தெரிந்துகொண்டே' என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தேன். அவர் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெங்காயத்தின் முன்னால் போய் இருந்தார்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா